மத்ரஸாவிலிருந்து பங்கீட்டு ஆலோசனைக்கு: ஓர் உஸ்தாதின் அனுபவம்



ஓதிக் கொடுக்கும் ஒருவர் நாற்பதை நெருங்கும் வயதில் வேறு தொழிலுக்குச் சென்றால், ஊரார் அதற்கு இரண்டு காரணங்களில் ஒன்றையே கற்பிப்பர். நிர்வாகத்தோடு மனக்கசப்பு என்பர். இல்லையேல் காசு ஆசை என்பர். பதினேழு ஆண்டுகள் மத்ரஸாவில் முழுநேர ஆசிரியனாக இருந்த நான், ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் வாரிசுரிமைப் பங்கீட்டுக்கும் ஜகாத் கணக்குக்கும் ஆலோசனை கூறுவதை என் தொழிலாக அமைத்துக்கொண்டபோது, இவ்விரண்டு சொற்களும் என் காதிலும் விழுந்தன. உண்மைக் காரணம் வேறு. அதையும், இந்த ஏழு ஆண்டுகளில் அல்லாஹ் எனக்குக் காட்டித் தந்தவற்றையும் எழுதி வைத்தால், இதே எண்ணத்தில் இருக்கும் இளம் உஸ்தாதுமார்களுக்கும், தம் வீட்டுச் சொத்துக் கணக்கை நாளை நாளை என்று தள்ளி வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நான் பெரிய ஆலிம் அல்லன். இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றவன். காவிரி டெல்டாவில் உள்ள ஒரு மத்ரஸாவில் சுப்ஹுக்குப் பின் சிறுவர்களுக்குக் குர்ஆன், முற்பகலில் மேல் வகுப்பு மாணவர்களுக்குச் சட்டப் பாடம், மஃரிபுக்குப் பின் மறுபடியும் சிறுவர்கள் என்று என் நாள்கள் கழிந்தன. இறுதி ஆண்டில் என் மாதச் சம்பளம் பதினான்காயிரம் ரூபாய். அதில் வீட்டு வாடகையும் மூன்று பிள்ளைகளின் படிப்பும் நடந்தன. குறை சொல்ல இதைக் கூறவில்லை. அந்தச் சம்பளத்தைத் திரட்டுவதற்கு நிர்வாகிகள் எத்தனை கடைகளின் படியேறினர் என்பதை நான் அறிவேன்.

மேல் வகுப்பில் நான் நடத்திய பாடங்களுள் ஒன்று ஃபராயிள், அதாவது இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்குப் பங்கிடும் சட்டம். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் சிராஜிய்யா என்னும் நூல் அதற்குரியது. மாணவர்கள் இந்தப் பாடத்துக்கு அஞ்சுவர். ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பின்னங்கள் வரிசையாக வரும். கூட்டினால் சில நேரம் ஒன்றைத் தாண்டிவிடும். அப்போது பங்குகள் அனைத்தையும் விகிதப்படி சுருக்க வேண்டும். மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு ஒருவர் இறந்தால் 24 பாகங்களுக்குப் பதில் 27 பாகங்கள் தேவைப்படும். மிம்பரில் நின்றிருந்த அலீ (ரலி) அவர்களிடம் இக்கேள்வி கேட்கப்பட்டபோது, அந்த மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று உடனே விடை கூறியதாகச் சட்ட நூல்கள் குறிப்பிடுகின்றன. இந்த வரலாற்றைச் சொன்னால்தான் மாணவர்களின் முகத்தில் சற்று வெளிச்சம் தோன்றும்.

ஆனால் அந்த மாணவர்களில் பெரும்பாலோர் தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடுவர். அதே பாடத்துக்காகக் காத்திருந்தவர்கள் மத்ரஸாவின் வாசலுக்கு வெளியே இருந்தனர். இஷாவுக்குப் பின் நான் செருப்பை மாட்டும் நேரம் பார்த்து யாராவது ஒருவர் அருகில் வருவார். "ஹஜ்ரத், அத்தா மவுத்தாகி நாலு வருஷம் ஆச்சு. வீடு அப்படியே கிடக்கு. அண்ணன் பேசவே மாட்டேங்குறாங்க" என்பார். நான் நின்றபடியே பங்கைச் சொல்லி அனுப்புவேன். அவர் தலையாட்டிவிட்டுச் செல்வார். ஆறு மாதம் கழித்து விசாரித்தால் நிலைமை அப்படியே இருக்கும். பங்கு எத்தனை என்று அவருக்குத் தெரியும். அதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது, கடனை எப்படிக் கழிப்பது, வீட்டுக்கு யார் விலை வைப்பது, எந்த அலுவலகத்தில் எந்தத் தாளை வாங்குவது என்பவற்றைச் சொல்ல ஒருவரும் இல்லை. வழக்கறிஞரிடம் போனால் அண்ணன் பகைவராகிவிடுவார் என்று அஞ்சினார். பள்ளிவாசல் வாசலில் ஐந்து நிமிடத்தில் தீரக்கூடிய வேலை அன்று அது. மேசை போட்டு, தாள் விரித்து, நான்கு நாள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்ய நேரமும் உழைப்பும் வேண்டும். அந்த நேரத்தை மத்ரஸாவின் சம்பளத்தில் இருந்துகொண்டு எடுப்பது அமானிதத்துக்கு மாறு. மூத்த மகளின் கல்லூரிச் செலவும் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. இவ்விரண்டும் சேர்ந்தே என்னை இந்தத் தொழிலின் பக்கம் திருப்பின.

இஸ்திகாரா தொழுதேன், மூத்த உஸ்தாதுமார்களிடம் மஷ்வரா செய்தேன். அவர்களுள் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மார்க்கச் சட்டத்தைச் சொல்லிக் காசு வாங்கப் போகிறாயா தம்பி?" அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காமல் நான் அடி எடுத்து வைக்க விரும்பவில்லை. மறுபடியும் நூல்களைப் புரட்டினேன்.

குர்ஆன் கற்பிக்கக் கூலி பெறுவதை ஹனஃபி மத்ஹபின் முற்கால அறிஞர்கள் ஏற்கவில்லை. கல்வி அழிந்துபோகும் என்ற அச்சத்தால் பிற்கால அறிஞர்கள் அனுமதித்தனர். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு முன்பே அனுமதி உண்டு. பங்கு பிரிப்பவரின் கூலியைப் பற்றியோ, ஹிதாயா போன்ற நூல்களில் தனிப் பாடமே இருக்கிறது. பங்கு பிரிப்பவர் நேர்மையானவராகவும் நம்பத் தகுந்தவராகவும் அந்த வேலையை அறிந்தவராகவும் இருக்க வேண்டும். அவருக்குப் பைத்துல்மாலிலிருந்து ஊதியம் கொடுப்பது சிறப்பு. அது இயலாதபோது பங்காளிகளிடமிருந்து கூலி பெறலாம். அந்தக் கூலியைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாக வாங்க வேண்டும் என்பது இமாம் அபூ ஹனீஃபா அவர்களின் கருத்து; அவரவர் பங்கின் அளவுக்கு ஏற்ப வாங்கலாம் என்பது அவர்களின் மாணவர்களான அபூ யூசுஃப், முஹம்மது ஆகிய இருவரின் கருத்து. பங்கு பிரிப்போர் அனைவரும் ஒன்றுகூடிக் கூட்டாக இயங்க விடக்கூடாது, விட்டால் கூலி ஏறிவிடும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. இந்தத் தொழிலையும் அதில் நுழையக்கூடிய பேராசையையும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் அறிந்து வைத்திருந்தனர் என்பதைக் கண்டபோது என் மனம் அமைதியுற்றது.

அதன்பின் எனக்கென மூன்று விதிகளை எழுதிக்கொண்டேன். ஒன்று, சட்டத்தைச் சொல்வதற்குக் கட்டணம் கிடையாது. பங்கு எவ்வளவு என்று கேட்டு வருபவருக்கு இன்றும் இலவசமாகவே சொல்கிறேன். கணக்கெடுப்பது, தாள்களைத் தேடித் திரட்டுவது, வாரிசுகளை ஒன்றாக அமர்த்துவது, எழுத்தாக்குவது ஆகிய உழைப்புக்கே கட்டணம். இரண்டு, அந்தக் கட்டணம் சொத்தின் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று அமையாது. வேலையைத் தொடங்கும் முன்பே தொகையைக் கூறி எழுதிக் கொடுத்துவிடுவேன். விழுக்காட்டில் வாங்குபவருக்குச் சொத்தின் விலை உயர்வதில் ஆசை பிறக்கும். ஆலோசகனின் கண்ணில் அந்த ஆசை தெரிந்த நாளிலேயே குடும்பத்தின் நம்பிக்கை போய்விடும். மூன்று, வயது வராத எத்தீம் பிள்ளைகளின் பங்கிலிருந்து ஒரு காசும் எடுக்கமாட்டேன். அதனைப் பெரியவர்கள் தாமாக ஏற்றால் ஏற்கட்டும், இல்லையேல் நான் விட்டுவிடுவேன்.

முதல் ஆண்டு கடினமாகவே இருந்தது. "ஹஜ்ரத்மாருக்கு எதுக்குங்க பீஸு?" என்று சிரித்தபடியே கேட்டனர். முதல் ஏழு மாதங்களில் நான்கு குடும்பங்களே வந்தன. அவற்றுள் ஒன்று வேலை முடிந்ததும் துஆ மட்டும் கேட்டுவிட்டுச் சென்றது. என் மனைவி தையல் வேலையை முன்னிலும் கூடுதலாக எடுத்துச் செய்தார். அந்த உதவி இல்லாவிட்டால் இந்தத் தொழில் அந்த ஆண்டைத் தாண்டியிருக்காது என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

வேலையில்லாத அந்த நாள்களை நான் மாணவனாகக் கழித்தேன். பத்திர எழுத்தர் ஒருவரின் கடையில் நான்கு மாதம் காலை வேளைகளில் அமர்ந்திருந்தேன். பட்டா, வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பு, பாகப்பிரிவினைப் பத்திரம், விடுதலைப் பத்திரம் ஆகியவற்றின் வேறுபாடுகளை அவரிடமே கற்றேன். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று சொல்லுமேயன்றி, யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது என்பதை நம் மக்களில் பலர் அறியார். அதில் பெயர்கள் சமமாக இருப்பதால் பங்கும் சமம் என்று எண்ணுவோரும் உண்டு. கணக்குத் தணிக்கையாளர் ஒருவர் எக்செல் கற்றுக் கொடுத்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் அவர். கற்பிப்பவனாகவே இருந்தவன் கற்பவனாக அமர்வது முதல் வாரத்தில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அரசின் சட்டத்தையும் அப்போதுதான் முறையாகப் படித்தேன். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் நம் வாரிசுரிமைக்கு ஷரீஅத்தே விதி என்று கூறியபோது, விவசாய நிலத்தை அதிலிருந்து விலக்கி வைத்திருந்தது. 1949இல் சென்னை மாகாணம் இயற்றிய திருத்தம் அந்த விலக்கை நம் மாநிலத்தில் நீக்கிவிட்டது. டெல்டாவில் இதற்குப் பெரும் பயன் உண்டு. "நஞ்சையில பொம்பளைப் புள்ளைக்குப் பங்கு கிடையாது" என்று நெடுநாளாகச் சொல்லி வரும் குடும்பங்களை நான் இன்றும் பார்க்கிறேன். மார்க்கத்திலும் அதற்கு இடமில்லை. இந்த மாநிலத்தின் சட்டத்திலும் இடமில்லை.

இரண்டாம் ஆண்டில் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களின் அனுமதியோடு, அடையாளங்களை நீக்கி எழுதுகிறேன். வணிகர் ஒருவர் வஃபாத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மனைவி, இரண்டு மகன்கள், மூன்று மகள்கள், இவர்களோடு அவருடைய தாயாரும் உயிரோடு இருந்தார். ஒரு வீடும் ஒரு கடையும் சொத்து. மூத்த மகன் வளைகுடாவில் வேலை. இளையவர் கடையைக் கவனித்து வந்தார். மூன்றாவது மகளின் கணவர் தொழிலில் நொடித்துப் போனதால், அந்தப் பெண் தன் பங்கைக் கேட்டிருந்தார். அன்றிலிருந்து அண்ணன் தங்கையோடு பேசுவதில்லை.

பங்கு பிரிக்கும் முன் மூன்று செலவுகள் கழிய வேண்டும். கஃபன், அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பகுதிக்கு மிகாத வசிய்யத். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் பங்குகளைச் சொல்லும் இடத்திலேயே, இவை வசிய்யத்துக்கும் கடனுக்கும் பிறகே என்று மீண்டும் மீண்டும் நினைவூட்டுகின்றன. அவ்வீட்டில் மனைவிக்குக் கொடுக்கப்படாத மஹர் இருந்தது. அதுவும் கணவர் மீதுள்ள கடனே. நிகாஹ் பதிவேட்டில் எழுதியிருந்த அந்தத் தொகையை அந்த அம்மா மறந்தே போயிருந்தார். அதையும் கடை பாக்கிகளையும் கழித்த பின், சொத்து 84 லட்சம் ரூபாய் என்று மதிப்பிட்டோம். மதிப்பை நான் சொல்லவில்லை; இரு தரப்பும் ஏற்ற இரண்டு பேரைக் கொண்டு மதிப்பிடச் செய்தேன்.

அன்று மாலை அனைவரும் கூடத்தில் அமர்ந்தனர். மூத்தவர் விடுப்பில் வந்திருந்தார். பின்னங்களைச் சொன்னால் சச்சரவு கூடும் என்பதை வகுப்பறை எனக்குக் கற்றுத் தந்திருந்தது. சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லும்போது செய்வதைப் போல, ஒரு பை நிறையப் புளியங்கொட்டை கொண்டு போயிருந்தேன். பாயில் 168 கொட்டைகளை எண்ணி வைத்தேன். மனைவிக்கு எட்டில் ஒன்று: 21. தாய்க்கு ஆறில் ஒன்று: 28. மீதி 119ஐ, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற முறையில் ஏழாகப் பிரித்தால், மகன்களுக்கு ஆளுக்கு 34, மகள்களுக்கு ஆளுக்கு 17. ஒரு கொட்டை ஐம்பதாயிரம் ரூபாய்.

அவரவர் முன் அவரவர் கொட்டைகளை வைத்தபோது கூடம் அமைதியானது. மூன்று ஆண்டுகளாகச் சத்தமாகப் பேசப்பட்ட விஷயம் கண் முன்னே சிறு குவியல்களாகக் கிடந்தது. மூத்தவர் சற்று நேரம் கழித்துக் கேட்டார்:

"ஹஜ்ரத், தங்கச்சிங்க மூணு பேருக்கும் நகையும் சீரும் அத்தா செஞ்சிட்டாங்களே. அது கணக்குல வராதா?"

"அத்தா ஹயாத்தோட இருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. அதை அவங்க வாங்கிக்கிட்டப்பவே அது முடிஞ்சுபோச்சு. இந்த 17 கொட்டை அத்தா கொடுக்குறது இல்ல, அல்லாஹ் கொடுக்குறது. அதுல கழிக்க நமக்கு உரிமை இல்ல" என்றேன்.

மூத்த மகள் தன் குவியலைத் தம்பியின் பக்கம் நகர்த்தப் போனார். நான் தடுத்தேன். விட்டுக்கொடுப்பது நல்ல செயல். ஆனால் தனக்கு எவ்வளவு என்று அறிந்து, அது தன் கையில் வந்து சேர்ந்த பின், யாருடைய முகத்துக்கும் அஞ்சாமல் கொடுப்பதே விட்டுக்கொடுத்தல். கூடத்தில் ஆண்கள் பார்த்திருக்க, பழக்கத்தால் நகரும் கை அப்படிப்பட்டதன்று. "லாத்தா, ஒரு மாசம் வச்சிருங்க. அப்புறமும் இதே எண்ணம் இருந்தா தம்பிக்குக் கொடுங்க" என்றேன். ஒரு மாதம் கழித்து அவர் பாதியை இளைய தம்பிக்குக் கொடுத்தார். பாதியைத் தன் மகளின் படிப்புக்கென வைத்துக்கொண்டார்.

அன்று அந்த அவையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தவர் அந்த மூதாட்டியே. தன் முன் இருந்த 28 கொட்டைகளைப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்கு தம்பி இதெல்லாம்? எம்மவன் புள்ளைங்களே வச்சுக்கட்டும்" என்றார். அவருக்கு வேறு இரண்டு மகன்களும் ஒரு மகளும் இருந்தனர். பங்கு பிரிக்கப்படாமல் அவர் மவுத்தாகியிருந்தால், அந்த 28 பாகமும், அதாவது 14 லட்சம் ரூபாயும், உயிரோடிருக்கும் அந்த மூவருக்கே சென்றிருக்கும். மகன் இருக்கும்போது, முன்பே இறந்த இன்னொரு மகனின் பிள்ளைகள் வாரிசாக மாட்டார்கள். பிள்ளைகள் குடியிருக்கும் வீட்டில் ஆறில் ஒரு பங்குக்குச் சித்தப்பாமார் உரிமையாளராகியிருப்பர். தாமதம் என்பது காத்திருத்தல் மட்டுமே என்று நாம் எண்ணுகிறோம். ஒவ்வொரு மவுத்தும் பங்குகளை வேறு கைகளுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறது.

பிரிக்கப்படாத பொதுச் சொத்தின் ஒரு பகுதியை அன்பளிப்பாகக் கொடுப்பதில் ஹனஃபிச் சட்டத்தில் சிக்கல் உண்டு. எனவே முதலில் பிரித்து, நன்னியின் பங்கை அவர் கையில் ஒப்படைத்து, அதன்பின் அவர் விரும்பியபடி கொடுக்கலாம் என்று விளக்கினேன். அன்பளிப்பின் சட்டம் என் எல்லையைத் தாண்டியது என்பதால் முஃப்தி ஒருவரிடம் எழுத்தில் தீர்ப்புப் பெற்றுத் தந்தேன். நன்னி தம் மற்ற பிள்ளைகளையும் அழைத்து, அவர்களின் முகம் கோணாத வகையில், ஒரு பகுதியைப் பேரப்பிள்ளைகளுக்கு எழுதி வைத்தார். மகள்களின் பங்குக்குரிய பணத்தைச் சகோதரர்கள் பதினெட்டு மாதங்களில் கொடுத்து முடித்து வீட்டையும் கடையையும் தக்கவைத்துக்கொண்டனர். மூன்றாவது மகளின் பணம் முதல் தவணையிலேயே கொடுக்கப்பட்டது. அந்தத் தவணையை அண்ணனே தங்கை வீட்டுக்குக் கொண்டு போனார்.

அந்தக் குடும்பம் சொல்லித்தான் அடுத்த குடும்பம் வந்தது. விளம்பரம் எதுவும் நான் செய்ததில்லை. மூன்றாம் ஆண்டில் என் வருமானம் பழைய சம்பளத்தை எட்டியது. இன்று அதைப்போல் இருமடங்குக்குச் சற்று மேல் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். மகள் கல்லூரி முடித்துவிட்டாள். வெற்றி எது என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணையும் நான் மறைக்காமல் சொல்கிறேன், ஏனெனில் ரிஸ்க்கைப் பற்றிப் பேச வெட்கப்படும் ஆசிரியர்கள் நம்மில் அதிகம். ஆனால் என் கணக்கேட்டில் நான் விரும்பிப் பார்க்கும் பக்கம் வேறு. பங்கு பிரித்த பிறகும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் சென்ற குடும்பங்களின் பெயரை அங்கே குறித்து வைத்திருக்கிறேன்.

ரமளானுக்கு முன்னும் ரமளானிலும் ஜகாத் கணக்கு வேலை மிகுதி. அதிலும் ஆசிரியனின் வேலையே நடக்கிறது. எங்கள் பகுதியில் ஒரே தெருவில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் வாழ்கின்றனர். சில வீடுகளில் கணவன் ஒரு மத்ஹப், மனைவி ஒரு மத்ஹப். அணியும் தங்க நகைக்கு ஹனஃபி மத்ஹபில் ஜகாத் உண்டு. வழக்கமான அளவில் அணியும் நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் இல்லை. நகை மனைவியுடையது என்றால் மனைவியின் மத்ஹபையே பார்க்க வேண்டும் என்று சொன்னால், "அப்போ என் நகைக்கு நானே பொறுப்பா?" என்று வியப்போடு கேட்ட சகோதரிகள் உண்டு.

கடைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு. மார்ச் 31இல் ஆண்டுக் கணக்கை முடிப்பவர் அதே நாளில் ஜகாத்தையும் பார்த்துவிடுகிறார். சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்களே. சூரிய ஆண்டைவிடப் பதினோரு நாள் குறைவு. ஏறக்குறைய 32 சூரிய ஆண்டுகளில் 33 சந்திர ஆண்டுகள் கடந்துவிடும். அப்படியானால் ஒரு வணிகர் தம் வாழ்நாளில் ஓர் ஆண்டின் ஜகாத்தை அறியாமலே விட்டுவிடக்கூடும். இதை விளக்கியதும் பலர் பிறை கணக்கில் ஒரு நாளைக் குறித்துக்கொள்கின்றனர். சூரிய ஆண்டை விட முடியாதவர்களுக்கு 2.5 விழுக்காட்டுக்குப் பதில் 2.577 விழுக்காடு என்று கணக்கிடும் முறையை அறிஞர்கள் கூறியுள்ளனர். பத்து லட்சத்துக்கு 770 ரூபாய் வேறுபாடு. இந்த 770 ரூபாய்க்காக மனம் பதறிய ஒரு மளிகைக் கடைக்காரரைப் பார்த்த நாளில், இந்தத் தொழிலில் பரக்கத் எங்கிருந்து வருகிறது என்பதை உணர்ந்தேன்.

இந்த வழியில் வர எண்ணும் இளம் உஸ்தாதுமார்களுக்குச் சில சொற்கள். ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் வேலையை விடாதீர்கள். தவக்குல் ஒட்டகத்தைக் கட்டிய பிறகே. மார்க்கச் சட்டம் மட்டும் அறிந்து இதில் இறங்காதீர்கள். அலுவலகங்களின் நடைமுறையைத் தெரிந்தவர் ஒருவரிடம் சில காலம் அமருங்கள். ஃபத்வாவை முஃப்திக்கும் வழக்கை வழக்கறிஞருக்கும் விட்டுவிடுங்கள். வாரிசு யார் என்பதிலேயே தகராறு இருந்தால், அல்லது ஒரு தரப்பு உங்களைத் தன் பக்கம் பேச அழைத்தால், கட்டணம் எவ்வளவு பெரிதாயினும் ஏற்காதீர்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஓதிக் கொடுப்பதை முற்றிலும் விட்டுவிடாதீர்கள். நான் இன்றும் வாரத்தில் மூன்று நாள் மஃரிபுக்குப் பின் மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கிறேன். மாதம் ஒருமுறை பெண்களுக்கு ஃபராயிள் வகுப்பு நடத்துகிறேன். பாயில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் புரியும்படி பேசும் பழக்கம் என்னிடம் இருக்கும் வரையில்தான், கூடத்தில் கோபத்தோடு அமர்ந்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் என்னால் புரியவைக்க முடியும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். எனக்கு வேறு ஒரு கல்வி கையில் இருந்தது. அல்லாஹ் வழி திறந்தான். ஆட்டோ ஓட்டவும் மளிகைக் கடையில் நிற்கவும் சென்றுவிட்ட நல்ல ஆசிரியர்களையும் நான் அறிவேன். ஹலாலான எந்த உழைப்பும் இழிவன்று. ஆயினும் அவர்களிடம் ஓத வேண்டிய பிள்ளைகள் ஓர் ஆசிரியரை இழந்தனர். வீட்டுக்கு ஒரு சிறு தொகை என்று மஹல்லா முழுவதும் பகிர்ந்துகொண்டால், ஓர் உஸ்தாதின் குடும்பம் கண்ணியமாக வாழும் சம்பளம் கொடுப்பது இயலாத காரியமன்று.

குடும்பத் தலைவர்களே, நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு தாளை எடுங்கள். உங்களுக்கு வர வேண்டியது, நீங்கள் கொடுக்க வேண்டியது, கொடுக்காத மஹர், உங்களிடமுள்ள அமானிதங்கள், விட்டுப்போன ஜகாத், பத்திரங்கள் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதுங்கள். கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே நீளமான வசனம் அதுதான். வசிய்யத் செய்ய விரும்பினால் மூன்றில் ஒன்றுக்குள் செய்யுங்கள். முன்பே இறந்துபோன மகனின் பிள்ளைகள் இருந்தால் அவர்களை அதில் நினைவுகூருங்கள். வாரிசு ஒருவருக்கே வசிய்யத் எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி அது செல்லாது என்பதையும் மறவாதீர்கள். எழுதிய தாளை மனைவியிடமும் நம்பிக்கைக்குரிய இன்னொருவரிடமும் காட்டி வையுங்கள். அந்த ஒரு தாள் இருந்த வீடுகளில் என் வேலை இரண்டு நாளில் முடிந்திருக்கிறது; இல்லாத வீடுகளில் இரண்டு ஆண்டு இழுத்திருக்கிறது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்க்கையும், பிறர் உரிமையைச் சுமக்காத மரணத்தையும், பங்கு பிரிந்தாலும் மனம் பிரியாத குடும்பங்களையும் தந்தருள்வானாக! ஆமீன்.